ஹீல் ஒருத்தர், ஷா ஒருத்தர் இல்லை

இரண்டாம் வருஷம் ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் லேப் வைவா. ஹீல்-ஷா ஃபுளோ பத்திக் கேட்டாங்க. மனப்பாடம் பண்ணினதை ஒருவழியாக ஒப்பிச்சுட்டேன். கடைசியாக, சரிப்பா, அவர் யாருன்னு ஒரு கேள்வி. இரண்டு பேர் சார், ஹீல் ஒருத்தர், ஷா ஒருத்தர்னு ரொம்ப நம்பிக்கையோடு சொன்னேன். நேவியர்-ஸ்டோக்ஸ் இரண்டு பேர் என்றால் இதுவும் இரண்டு பேர்தானே? எக்ஸாமினர் சிரிச்சுட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டார். எனக்கு எத்தனை மார்க் போச்சுன்னு இன்னும் தெரியாது.

அந்தப் பெயரை மறுபடி பார்த்தது இந்த வருஷம், சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில். எங்கள் ஃபார்முலா கார் டீமில் பைக் இன்ஜினோட கிளட்ச் கவரைக் கழற்றி வைத்திருந்தோம். உள்ளே தட்டு மேல் தட்டாக, இட்லித் தட்டு அடுக்கின மாதிரி. அப்போது ஜூனியர் ஒருத்தன் கேட்டான்: டர்போ போட்டு பவர் ஏத்தின காருக்கெல்லாம் ட்வின் டிஸ்க் கிளட்ச் மாத்துறாங்களே, ஒரே தட்டைப் பெரிசாகப் போட்டால் ஆகாதாண்ணா? பதில் சொல்லத் தெரியாமல் தேட ஆரம்பித்தேன். பழைய கிளட்ச் வரலாற்றில் பல தட்டு கிளட்ச் என்ற இடத்தில் அதே பெயர். ஹீல்-ஷா. ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் ஆளுக்கு கிளட்ச்சில் என்ன வேலை?

முதலில் ஜூனியர் கேட்டதை முடிச்சுடறேன், ஏன்னா இந்த மனிதரோட வாழ்க்கையைப் புரிஞ்சுக்க அது வேணும்.

கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கே விஷயம். உரசும் பரப்புகள் எத்தனை, உராய்வுக் குணகம் எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துது, சராசரி ஆரம் எவ்வளவு. நாலையும் பெருக்கினால் டார்க். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒற்றைத் தட்டுக்கு இரண்டு பக்கமும் உரசும், அதனால் பரப்பு 2. உராய்வுக் குணகம் 0.3, அழுத்தம் 6000 நியூட்டன், சராசரி ஆரம் 0.1 மீட்டர். பெருக்கினால் 360 நியூட்டன் மீட்டர். இப்போது டர்போ போட்டு இன்ஜின் 500-க்கு மேல் தள்ளுது என்று வையுங்கள். கிளட்ச் ஸ்லிப் ஆகும், கருகின வாசனை வரும்.

ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாம். ஆனால் அதை அமுக்குவது உங்க இடது கால். அழுத்தம் இரட்டிப்பானால் பெடலும் இரட்டிப்புக் கனம், சிட்டி டிராஃபிக்கில் முட்டி போயிடும். தட்டைப் பெரிசாக்கலாம். ஆனால் சுழலும் தட்டோட நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். இன்ஜின் ரெவ் ஆகவே சோம்பேறித்தனம் பண்ணும். மிச்சம் இருப்பது அந்த முதல் எண்தான். இன்னொரு தட்டைச் சேர்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபுளோட்டர் பிளேட் வைத்தால் உரசும் பரப்பு 4. அதே ஸ்பிரிங், அதே பெடல், டார்க் 720. விட்டத்தை 240 மில்லிமீட்டரிலிருந்து 184-க்குக் குறைத்தாலும்கூட 550 பக்கம் நிற்கும். தட்டோட தடிமன் மாறலைன்னு வைத்தால், இரண்டு சின்னத் தட்டும் சேர்ந்தே பழைய பெரிய தட்டோட நிலைமத்தில் சுமார் 70 சதவீதம்தான். ஃபார்முலா ஒன் கார்களில் சுமார் 100 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் கார்பன் தட்டுகளை அடுக்கி வைப்பதும் இதே கணக்கில்தான்.

சும்மா கிடைக்காது. பிரிக்கும்போது நாலு பரப்பும் விலகணும், அதற்கு இடம் வேணும். சரியாக விலகலைன்னா கியர் மாற்றும்போது இழுக்கும். பெடலை அமுக்கினால் ஃபுளோட்டர் பிளேட் கலகலன்னு சத்தம் போடும். நடுத்தட்டோட சூடு வெளியே போக வழி குறைவு. இதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இதே தலைவலிகளோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

ஹென்றி செல்பி ஹீல்-ஷா. ஒரே ஆள்தான். அப்பா ஷா குடும்பம், அம்மா ஹீல் குடும்பம், அம்மாவோட பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1854 ஜூலை 29 அன்று இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் பில்லரிக்கே என்ற ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். வீட்டில் 13 பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். பதிமூன்றுக்கு மூத்தவர் என்றால் எப்படியிருக்கும் என்று நம் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வாங்க.

17 வயசில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, இரவில் வகுப்பு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இன்ஜினியர் ஆவதற்கு அதுதான் வழக்கமான வழி. காலேஜ் என்பது பிறகு வந்தது. இவருக்கும் அப்படித்தான். பிரிஸ்டலில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததே 1876-ல், அந்த வருஷமே உள்ளே போனார். அப்போது வயசு 22. நான் இப்போது 21, இன்னும் சில மாதத்தில் வெளியே போகப் போறேன். அவர் அந்த வயசில் கையில் கிரீஸ் கறையோடு முதல் முறையாக கிளாஸ் ரூமில் உட்கார்ந்தார். பட்டறைப் பையன்கள் படிக்கட்டும் என்று ஜோசப் விட்வொர்த் வைத்த உதவித்தொகை கைகொடுத்தது. விட்வொர்த் யாருன்னு கேட்கிறீங்களா? ஸ்குரூ திரெட் பாடத்தில் வருவாரே, அவரேதான்.

1880-ல் படிப்பு முடிந்தது. பிறகு அதே கல்லூரியில் முதல் இன்ஜினியரிங் பேராசிரியர், 27 வயசில். சில வருஷம் கழித்து லிவர்பூல் கூப்பிட்டது. அங்கேயும் இன்ஜினியரிங் துறைக்கு இவர்தான் முதல் பேராசிரியர். இரண்டு ஊரிலும் துறையை ஒன்றுமில்லாததிலிருந்து கட்டினார் என்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் லேப் இல்லாத, சிலபஸ் இல்லாத, சீனியர் நோட்ஸ் இல்லாத ஒரு டிபார்ட்மென்ட்டை நினைச்சுப் பாருங்க.

லிவர்பூலில் 1890-களின் கடைசியில்தான் அந்தக் கண்ணாடி விஷயம் நடந்தது. லிவர்பூல் துறைமுக நகரம். கப்பலைத் தண்ணீர் எப்படித் தடுக்கிறது என்பது அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரு பொருளைச் சுற்றித் தண்ணீர் எப்படி வளைந்து போகிறது என்பதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட நினைத்தார் ஹீல்-ஷா. ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீரை ஓட விட்டு, பின்னாலிருந்து விளக்கு போட்டுத் திரையில் பெரிசாகக் காட்டுவது. இன்றைய புரொஜெக்டருக்குக் கொள்ளுத்தாத்தா மாதிரி. ஆனால் தண்ணீரில் நிறத்தைக் கலந்தால் எல்லாம் கலங்கிப் போச்சு. சுழலும் குழப்பமும்தான் தெரிந்தது.

தெளிவு வந்தது காற்றுக் குமிழ்களால். தண்ணீரோடு காற்று கலந்தபோது நடுவில் எல்லாம் குமிழ்களாகக் கொந்தளிக்க, சுவரை ஒட்டி மட்டும் குமிழ் நுழையாத தெளிவான ஒரு மெல்லிய அடுக்கு தெரிந்தது. வேற ஆளாக இருந்தால் முதலில் லீக்கை அடைச்சிருப்பாங்க. நானாக இருந்தால் கண்டிப்பாக அடைச்சிருப்பேன். இவர் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை ஒட்டினால் ஓட்டம் அமைதியாகிறது என்றால், இரண்டு சுவரையும் நெருக்கிக் கொண்டுவந்து, அந்த அமைதியான அடுக்கு மட்டுமே இருக்கும்படி செய்தால்?

செய்தார். இரண்டு கண்ணாடித் தட்டு, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, அதில் தண்ணீர் அல்லது கிளிசரின். வரிசையாகச் சாயக் கோடுகள். கோடுகள் கலையவே இல்லை. வட்டமான தடை வைத்தால் அழகாக வளைந்து இரண்டு பக்கமும் போய்ப் பின்னால் மறுபடி சேர்ந்தன.

இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாகுத்தன்மையே இல்லாத ஒரு இலட்சியத் திரவம் எப்படி ஓடும் என்று கணித ஆட்கள் ரொம்ப நாளாகக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். பொட்டென்ஷியல் ஃபுளோ என்று நாம் படிக்கிறோமே, அது. நிஜத்தில் அப்படி ஒரு திரவம் கிடையாது. ஆனால் ஹீல்-ஷாவின் கண்ணாடிக்குள் கிடைத்த கோடுகள் அந்தக் காகிதக் கோடுகளோடு அப்படியே பொருந்தின. பாகுத்தன்மை இல்லாத ஓட்டத்தைக் காட்டினது, பாகுத்தன்மை மட்டுமே ஆட்சி செய்யும் ஓட்டம்! தற்செயல் இல்லை என்பதை 1898-ல் கேம்பிரிட்ஜின் பெரியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணக்குப் போட்டு நிறுவினார். அவ்வளவு ஒல்லியான இடைவெளியில் திரவத்தோட சராசரி வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்படி இருந்தால் அழுத்தமே பொட்டென்ஷியலாக நடந்துகொள்ளும். அவ்வளவுதான் ரகசியம். அதற்கு அடுத்த வருஷமே, 1899-ல், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பட்டறையிலிருந்து வந்தவர் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ்.

அதோடு விடலை. ஆல்ஃபிரட் ஹே என்பவரோடு சேர்ந்து, காந்தக் கோடுகளும் இதே கணிதம்தானே என்று கண்ணாடித் தட்டை வைத்து காந்தப் புலத்தையே வரைந்து காட்டினார். இரும்பு இருக்கும் இடத்தில் திரவ அடுக்கைத் தடிமனாக்கினால் போதும், கோடுகள் அங்கே கூடும். டைனமோவின் பற்களுக்கிடையே காந்தக் கோடுகள் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கண்ணால் பார்த்தார்கள். நம்ம ஆட்கள் அன்சிஸ் லைசென்ஸ் இல்லைன்னு புராஜெக்ட்டைத் தள்ளிப் போடுறோம்.

இதே சமயத்தில் இந்த மனிதருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. மோட்டார் வண்டி.

1896 வரை இங்கிலாந்தில் ரோட்டில் ஓடும் இயந்திர வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். நடந்து போகிறவர் முந்திவிடுவார். அந்த வருஷம்தான் சட்டம் தளர்ந்து 14 மைல் ஆனது. லிவர்பூல் வியாபாரிகளுக்கு ரயில் கம்பெனிகள் வாங்கும் சரக்குக் கட்டணத்தின் மேல் கடுப்பு. துறைமுகத்திலிருந்து சரக்கை ரோட்டு வழியாகவே கொண்டுபோனால் என்ன என்று ஒரு சங்கம் வைத்தார்கள், அதில் ஹீல்-ஷா முன்னணியில் இருந்தார். 1898, 1899, 1901 ஆகிய வருஷங்களில் லிவர்பூலில் கனரக வண்டிகளுக்குச் சோதனை ஓட்டம் நடந்தது. பெரும்பாலும் நீராவி வண்டிகள். சரக்கை ஏற்றிக்கொண்டு, மேடு ஏறி, கல் பாவின ரோட்டில் ஓடி, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர், எது உடைந்தது என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். இன்று நம் ஃபார்முலா போட்டியில் நடக்கும் என்டூரன்ஸ் ரவுண்டு, அதோட பூர்வீகம் இதுன்னு வைச்சுக்கலாம்.

அந்தக் காலத்து பெட்ரோல் கார்களின் கிளட்ச் பெரும்பாலும் கூம்பு வடிவம், மேலே தோல் ஒட்டியிருக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். காய்ந்தால் கப்பென்று பிடித்து வண்டி எகிறும். பிடிப்பு அதிகமானால் தோலுக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள், வழுக்கினால் ஒரு வகை மண் பொடியைத் தூவுவார்கள். டிரைவிங் பாதி, வைத்தியம் பாதி. இன்ஜின் பவர் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. கிளட்ச் பின்னால் தங்கிவிட்டது. நம்ம ஜூனியர் கேட்ட கேள்வி அப்படியே அங்கே நின்றது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கால் வலிக்கும், விட்டத்தைக் கூட்டினால் கனம் கூடும்.

தட்டுகளை அடுக்கும் யோசனை ஹீல்-ஷாவுடையது இல்லை, இதைச் சொல்லிவிடணும். தாமஸ் வெஸ்டன் என்பவர் அவருக்குப் பல வருஷம் முன்னாலேயே பாரம் தூக்கும் இயந்திரங்களுக்காக அதைச் செய்திருந்தார். ஹீல்-ஷா செய்தது இரண்டு விஷயம். ஒன்று, தட்டையான தட்டில் ஒரு வட்டமான வி வடிவப் பள்ளத்தை அழுத்தி எடுத்தார். ஒரு தட்டோட பள்ளம் அடுத்த தட்டோட பள்ளத்துக்குள் போய் உட்காரும். தட்டுகள் மாறி மாறி எஃகு, பாஸ்பர் வெண்கலம். இரண்டு, மொத்த அடுக்கையும் எண்ணெயில் மூழ்க வைத்தார்.

வி பள்ளம் எதற்கு? வி பெல்ட் பாடத்தை ஞாபகப்படுத்துங்க. அந்தப் பள்ளத்தின் கோணம் 35 டிகிரி, பாதி 17.5. அதன் சைன் சுமார் 0.3. ஸ்பிரிங் ஒரு பங்கு தள்ளினால் பள்ளத்தின் சரிவுகளில் செங்குத்தாக மூன்றே கால் பங்குக்கு மேல் அழுத்தம் விழும். கூம்பு கிளட்ச்சின் ஆப்பு வேலையும், தட்டு கிளட்ச்சின் எண்ணிக்கை வேலையும் ஒரே பெட்டியில். இன்னொரு லாபம், பள்ளத்தில் மட்டும்தான் தொடும், மற்ற இடத்தில் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதில் எண்ணெய் சுற்றி வந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

எண்ணெய் எதற்கு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். உராய்வால் வேலை செய்ய வேண்டிய பொருளில் போய் எண்ணெய் ஊற்றுவதா? முதல் தடவை கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரிதான் இருக்கும். இப்போது அந்த இரண்டு கண்ணாடித் தட்டை நினைத்துப் பாருங்கள். இணையான இரண்டு பரப்பு, நடுவில் மெல்லிய திரவம். கிளட்ச்சில் கண்ணாடிக்குப் பதில் உலோகம். ஸ்பிரிங் அமுக்க அமுக்க நடுவில் உள்ள எண்ணெய் வெளியே பிதுங்கிப் போகணும். ஆனால் இடைவெளி பாதியானால் அதன் வழியே திரவம் போவது எட்டில் ஒரு பங்காகக் குறையும், ஏன்னா அது இடைவெளியின் மூன்றாம் படியைப் பொறுத்தது. அதனால் எண்ணெய் ஒரே நொடியில் போகாது, தயங்கித் தயங்கித்தான் போகும். அந்தத் தயக்க நேரத்தில் எண்ணெய் அடுக்கே வெட்டு விசையால் டார்க்கைக் கடத்தத் தொடங்கிவிடும். கடைசியில்தான் உலோகமும் உலோகமும் சேரும். தோல் கிளட்ச் கப்பென்று பிடிக்கும் இடத்தில் இது மெதுவாகக் கை கொடுக்கும். கண்ணாடியிலிருந்துதான் கிளட்ச் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டையும் ஒரே ஆள், சில வருஷ இடைவெளியில் செய்தார் என்று மட்டும் சொல்கிறேன். நமக்கு ஒன்று ஒரு செமஸ்டரில் வருகிறது, இன்னொன்று வேறொரு செமஸ்டரில். இரண்டு பேப்பருக்கும் நடுவில் ஒரு லீவும் வருகிறது, மறந்துவிடுகிறோம்.

ஹீல்-ஷா கிளட்ச் கார்களிலும் பைக்குகளிலும் ஓடியது. ஆனால் ஜெயித்தது என்று சொன்னால் பொய். தட்டுகளில் துல்லியமாகப் பள்ளம் அழுத்துவது செலவு. எண்ணெய் குளிரில் கெட்டியானால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு இழுக்கும். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த நல்ல உராய்வுப் பொருள்கள் வந்ததும் கார்கள் உலர்ந்த ஒற்றைத் தட்டுக்குப் போய்விட்டன. எளிமை, மலிவு. நம் ஊர் கார்களில் இன்றும் அதுதான். எண்ணெயில் நனைந்த தட்டு அடுக்கு மட்டும் பைக்குகளிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களிலும் தங்கிவிட்டது, வி பள்ளம் இல்லாமல். காரில் பவரை ஏற்றும்போதெல்லாம் ஒற்றைத் தட்டு போதாமல் மறுபடியும் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம்.

1904-ல் இவர் லிவர்பூலை விட்டுக் கிளம்பினார். வயசு 50. போன இடம் தென்னாப்பிரிக்கா, ஜோஹன்னஸ்பர்க். போயர் போர் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தங்கச் சுரங்கங்களுக்கு இன்ஜினியர்கள் தேவை. டிரான்ஸ்வால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் முதல் பேராசிரியர், அடுத்த வருஷம் பிரின்சிபால். மூன்றாவது தடவையாக ஒரு துறையை அஸ்திவாரத்திலிருந்து கட்டுவது. 1906-ல் இங்கிலாந்து திரும்பினார், திரும்பினவர் மறுபடி எந்த யுனிவர்சிட்டியிலும் வேலைக்குச் சேரவில்லை. 52 வயசில், எஃப்.ஆர்.எஸ். பட்டத்தோடு, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்டுபிடிப்பாளராக வாழ முடிவு பண்ணினார். இதை எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, பிள்ளைங்க இல்லையா அவருக்கு என்பதுதான்.

இருந்தார்கள். 1890-ல் லிவர்பூலின் ராத்போன் குடும்பத்துப் பெண் எல்லாவை மணந்திருந்தார். ஒரு மகன், ஒரு மகள். மகன் முதல் உலகப் போரில் கொல்லப்பட்டார். இதைப் பற்றி எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை. எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் அது ஒரே வரியாகத்தான் வரும், அடுத்த வரி ஹைட்ராலிக் பம்ப்புக்குப் போய்விடும்.

அந்தப் பம்ப்பும் நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டியதுதான். சுழலும் சிலிண்டர் தொகுதியில் பிஸ்டன்கள் நட்சத்திரம் மாதிரி வெளிப்பக்கம் பார்த்து இருக்கும், சுற்றி ஒரு வளையம். வளையத்தின் மையத்தை நகர்த்தினால் பிஸ்டனின் ஸ்ட்ரோக் மாறும், எண்ணெய் அளவு மாறும். பம்ப் ஓடும்போதே மாற்றலாம். மையத்தை அந்தப் பக்கம் தள்ளினால் எண்ணெய் எதிர்த்திசையில் போகும். கப்பல்களின் சுக்கானைத் திருப்பும் இயந்திரங்களில் இது போய் உட்கார்ந்தது. கிளட்ச்சும் இல்லாமல், கியரும் இல்லாமல், எண்ணெயை வைத்தே வேகத்தை மாற்றுவது. திரும்பவும் எண்ணெய்.

பிறகு 1924-ல், 70 வயசில், டி. இ. பீச்சம் என்பவரோடு சேர்ந்து ஒரு காப்புரிமை. விமானத்தின் புரொப்பல்லர் இலைகளின் கோணத்தைப் பறக்கும்போதே எண்ணெய் அழுத்தத்தால் மாற்றுவது. காருக்கு கியர் எப்படியோ, விமானத்துக்கு அது அப்படி. தரையிலிருந்து கிளம்ப ஒரு கோணம், வேகமாகப் பறக்க ஒரு கோணம். கோணம் மாறாத புரொப்பல்லர் என்றால் மேடு ஏறவும் ஹைவே ஓடவும் ஒரே கியர் மாதிரி. கிளாஸ்டர் விமான நிறுவனம் அதைச் செய்து சோதித்தது. 1940 கோடையில் பிரிட்டன் வானத்தில் போர் நடந்தபோது, அங்கே ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்கு அவசர அவசரமாக இலைக்கோணம் தானாக மாறும் புரொப்பல்லர்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவை இவருடைய வடிவம் இல்லை, வேறு கம்பெனியுடையது. ஆனால் பதினாறு வருஷத்துக்கு முன்னால் கிழவர் சொன்ன எண்ணம், இப்போது இல்லாமல் முடியாது என்று ஆனது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், வயசு 86.

இத்தனை கண்டுபிடிப்புக்கும் நடுவில் அவர் செய்த ஒரு வேலையை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் கிளட்ச்சைவிடப் பெரிசாகப் படுகிறது. 1922-ல் இங்கிலாந்தின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பையன்கள் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இரவில் டெக்னிக்கல் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊர்ப் பள்ளிச் சான்றிதழை அடுத்த ஊர் கம்பெனி மதிக்காது. சங்கமும் அரசாங்கக் கல்வி வாரியமும் சேர்ந்து, நாடு முழுக்கச் செல்லும் தேசியச் சான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்தன. வேலையை விடாமலே படித்து இன்ஜினியராக ஒரு கதவு. அதைத் தள்ளிக்கொண்டு போன முக்கியமான ஆள் ஹீல்-ஷா, பல வருஷம் அந்தக் குழுவை நடத்தினார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பிரிஸ்டல் பட்டறையில் இரவு வகுப்புக்கு ஓடிய 17 வயசுப் பையனை அவர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் கிளாஸில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருஷத்துக்கு வந்தவங்க இருக்காங்க. முதல் மாதம் மேத்ஸ் கிளாஸில் அவங்க முழிச்சதைப் பார்த்து நாங்க சிரிச்சிருக்கோம், ஒளிக்காமல் சொல்லிடறேன். அன்றைக்கு கிளட்ச் கவரைக் கழற்றினதும், தட்டுகளை எந்த வரிசையில் எடுத்தோமோ அதே வரிசையில் பழைய பேப்பர் மேல் அடுக்கணும்னு சொன்னதும், எந்தத் தட்டு நீலம் பாஞ்சிருக்குன்னு பார்த்ததும் அவங்கள்ல ஒருத்தன்தான். நான் கையில் ஃபோன் டார்ச்சைப் பிடிச்சிக்கிட்டு நின்றேன்.

1941 ஜனவரி 30 அன்று, ஹெரிஃபோர்ட்ஷயரின் ராஸ்-ஆன்-வை ஊரில் ஹீல்-ஷா இறந்தார். அவர் போன பிறகு அந்தக் கண்ணாடித் தட்டுகளுக்கு வேலை இன்னும் கூடிவிட்டது. 1958-ல் சாஃப்மன், டெய்லர் இரண்டு பேரும் (இவங்க நிஜமாகவே இரண்டு பேர்) பாகு குறைந்த திரவம் பாகு கூடின திரவத்தைத் தள்ளும்போது விரல் விரலாகப் பிளந்து போவதை அதே தட்டுகளுக்கு நடுவில்தான் காட்டினார்கள். பூமிக்கடியில் தண்ணீர் விட்டு எண்ணெய் எடுக்கிறவர்களுக்கு அது முக்கியம். அச்சுக்குள் பிளாஸ்டிக் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர்களும் இவர் பெயரில் உள்ள தோராயத்தைத்தான் பயன்படுத்துகின்றன. உங்க பைக் டேங்க் கவர், ஹெல்மெட் ஓடு எல்லாம் அப்படி வந்திருக்கலாம்.

காலையில் குளிரில் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை முழுசாக அமுக்கி, முதல் கியர் போடும்போது டக்குன்னு ஒரு சத்தம் வந்து வண்டி லேசாக முன்னால் நகரும், கவனிச்சிருக்கீங்களா? ஹாஸ்டல் பார்க்கிங்கில் தினமும் கேட்கும் சத்தம். தட்டுகள் விலகித்தான் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கிற எண்ணெய் ராத்திரி முழுக்க ஆறிக் கெட்டியாகி, இந்தப் பக்கத் தட்டோட சேர்த்து அந்தப் பக்கத் தட்டையும் இழுக்கும். இரண்டு நிமிஷம் இன்ஜின் சூடானால் சரியாகிடும். கியர்பாக்ஸ் போச்சுன்னு மெக்கானிக்கிட்ட ஓட வேண்டாம்.